தலைவரல்லாதவரும் ஆறு வீட்டுக் கிணறும்

அதிகாரம் ஒழிக்கப்பட்ட இடத்தில் பெயர்ப்பலகைகள் பெருகும் என்பதை, தெருமுனைப் பட்டறைக்குள் நுழைந்த முதல் நாளே ஏ.சி. மெக்கானிக் அறிந்துகொண்டார். வாசற்கதவில், "இங்கே தலைவர் இல்லை" என்று ஒரு பலகை தொங்கியது. நடைக்கூடத்தில், "இங்கே ஆசிரியர் இல்லை, மாணவர் இல்லை" என்று இன்னொன்று. அதற்கடுத்து, "இங்கே விதிகள் இல்லை" என்னும் தலைப்பின்கீழ் முப்பத்தொரு விதிகள் எண்ணிடப்பட்டிருந்தன. கடைசி அறையின் கதவில், மெருகேற்றிய பித்தளையில், "தலைவரல்லாதவர்" என்று பொறித்திருந்தார்கள். கீழே சிறிய எழுத்தில், "முன் அனுமதி பெற்றே உள்ளே வரவும்" என்றிருந்தது.

மெக்கானிக்கின் கையில் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. அதில் இருந்தது அவர் வீட்டுக் குடிநீர்.

அந்தத் தெருவில் ஆறு வீடுகளுக்கு ஒரே கிணறு. முப்பது ஆண்டுகளாக யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நல்ல தண்ணீர் பேச்சுக்குரிய பொருளன்று. கடந்த இரண்டு மாதங்களாகத் தெருவில் வேறு பேச்சே இல்லை. வெள்ளைத் துணிகள் துருவின் நிறத்தில் உலர்ந்தன. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களின் விளிம்பில் பச்சை வளையம் படிந்தது. ஒரு மடக்குக் குடித்தால், ஆணியை வாயில் கவ்வியது போல நாக்குக் கூசியது. பெரியவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டார்கள். மெக்கானிக்கின் பேத்திக்கு அந்த வித்தை தெரியவில்லை. நான்கு மாதக் குழந்தை. தாய்ப்பால் போதாமையால் பால்மாவு கரைத்துக் கொடுத்தார்கள். கொடுத்த கால் மணி நேரத்தில் அத்தனையும் மகளின் தோளுக்குத் திரும்பி வந்தது. பால்மாவை மூன்று முறை மாற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் முறை எடை பார்த்த மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாவை விடுங்க. தண்ணியில என்ன இருக்குன்னு பாருங்க. இன்னும் கொஞ்சம் எடை இறங்கினா நான் அட்மிட் பண்ணிடுவேன்."

மெக்கானிக் முதலில் அரசு நீர்ச்சோதனைக் கூடத்துக்குத்தான் போனார். அங்கிருந்த எழுத்தர், புட்டியைத் தொடாமலே அதை மேசையின் ஓரத்துக்குத் தள்ளும் கலையறிந்தவர்.

"மாதிரியை நீங்க எடுக்கக் கூடாது. எங்க ஆளுதான் வந்து எடுக்கணும்."

"எப்ப வருவாருங்க?"

"வரிசையில பதினாலு வாரம்."

"அது வரைக்கும் நாங்க என்ன செய்யறது?"

"தண்ணியை அப்படியே வெச்சிருங்க. மாத்திடாதீங்க."

ஆகவே, அரசையும் பல்கலைக்கழகங்களையும் நம்பாமல் அறிவியலைத் தம் கையாலேயே செய்துகொள்வதற்கென்று ஆறு மாதங்களுக்கு முன் தெருமுனையில், பழைய டயர்க் கிடங்கில் தொடங்கப்பட்ட அந்தப் பட்டறையை அவர் நாடினார். அவருக்கு அந்த யோசனையைச் சொன்னவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர்.

"அவங்ககிட்ட இல்லாத மெஷினே இல்லையாம் அண்ணே. கேள்வி கேட்டா சந்தோஷப்படுவாங்களாம்."

அது உண்மையே. பட்டறையில் கேள்வி கேட்டால் மகிழ்ந்தார்கள். விடை கேட்டால்தான் வருந்தினார்கள்.

அவரை எதிர்கொண்ட பெண்மணியின் மார்பில், "பதிவாளரல்லாதவர்" என்னும் வில்லை இருந்தது. தோளில் கணினிப்பை, கையில் தடித்த பதிவேடு.

"தண்ணியைச் சோதிச்சுக் குடுப்பீங்களாமே?"

"யாருக்கு சார்?"

"எனக்குத்தாங்க. பாப்பாவுக்கு."

"ஐயோ! உங்களுக்குன்னு நாங்க சோதிச்சா நீங்க பயனாளி ஆயிடுவீங்களே! வாங்கறவர்னு ஒருத்தர் இருந்தா, குடுக்கிறவர்னு ஒருத்தர் இருக்கணும். அங்கதான் அதிகாரம் பிறக்குது."

"குழந்தை வாந்தி எடுக்குதும்மா."

"அதை நாங்க முழுசா உள்வாங்கிக்கிறோம்" என்று கனிவுடன் கூறிய அவர், உள்வாங்கியதைப் பதிவேட்டில் எழுதினார். மெக்கானிக் தலைகீழாக வாசித்தார்: "பங்கேற்பாளர் எண் 212. உந்துதல்: வாந்தி."

அன்று மாலை அவரை வட்டத்தில் உட்கார வைத்தார்கள். எல்லா முடிவுகளும் வட்டத்திலேயே எடுக்கப்பட்டன. எனவே முடிவுகள் எடுக்கப்படவில்லை. அங்கே கைதட்டுவது வன்முறையாகக் கருதப்பட்டது. உடன்படுவோர் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை அசைக்க வேண்டும். ஐயமுடையோர் விரல்களைக் கீழ்நோக்கி அசைக்க வேண்டும். அடியோடு மறுப்போர் விரல்களை முட்டியாக மடக்கி நெஞ்சின்மேல் வைக்க வேண்டும். ஒரே ஒரு முட்டி நெஞ்சுக்கு ஏறினாலும் தீர்மானம் விழுந்துவிடும். மெக்கானிக்குக் கூட்டத்தின் நடுவே இருமல் வந்தது. அவர் வழக்கம்போல முட்டியை நெஞ்சில் வைத்து இருமினார். நாற்காலிகளை வட்டமாகப் போடுவதா, நீள்வட்டமாகப் போடுவதா என்று ஐந்து வாரங்களாக நடந்து, அன்றுதான் முடிவை எட்டியிருந்த விவாதம் அந்தக் கணத்திலேயே இறந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பிறகு தலைவரல்லாதவர் எழுந்தார். நரைத்த தாடியும், உடம்பெங்கும் பைகள் தைத்த மேற்சட்டையும் உடையவர். அவர் நின்று பேசினார். ஏனையோர் சமத்துவத்துடன் தரையில் அமர்ந்து கேட்டார்கள்.

"நண்பர்களே, ஒரு குழந்தை வாந்தி எடுத்திருக்கு. பல்கலைக்கழகம் இருந்தா என்ன செஞ்சிருக்கும்? தண்ணியை அளந்து சொல்லியிருக்கும். அவ்வளவுதான்! எதால அளந்தோம், அந்தக் கருவியை யார் செஞ்சா, ஏன் செஞ்சா? அதையெல்லாம் சொல்லாது. நாம அந்தக் குறுக்கு வழியில போக மாட்டோம். நாம முதல்ல கருவியைச் செய்வோம். அதுக்கு முன்னாடி, அந்தக் கருவியைச் செய்யற கருவியைச் செய்வோம்."

விரல்கள் கோதுமை வயல் போல அசைந்தன.

நற்செய்தி என்னவென்றால், அத்தகைய கருவியைச் செய்யும் பணி இரண்டு மாதங்களாகவே நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் மக்கள் நீர்மானி. அப்போது அது எட்டாம் பதிப்பில் இருந்தது. மெக்கானிக்கின் புட்டி ஒரு சன்னலோரத் தட்டில் மரியாதையுடன் வைக்கப்பட்டது.

அடுத்த வாரம் அவர் வந்து பார்த்தபோது புட்டி காலியாக இருந்தது.

"அது தாவரக் குழு எடுத்துக்கிட்டாங்க சார்" என்றார் பதிவாளரல்லாதவர். "செடிக்கு ஊத்தத் தண்ணி தேடியிருக்காங்க."

"செடி எங்க?"

செடி, சன்னலின் மறுகோடியில், எரிந்த காகிதம் போலச் சுருண்டு கிடந்தது. அதன் தொட்டியில் ஒரு சீட்டுக் குத்தியிருந்தது: "நான்காம் செடி. காரணம் அறியா மரணம். நாம் கற்றது: செடிகளுக்குப் பொறுமை குறைவு."

"அம்மா, என் தண்ணியை ஊத்தினதும் செடி செத்துடுச்சுன்னா, அதுதானே நீங்க தேடற விடை?"

"அது தாவரக் குழுவோட தரவு. நீர்க் குழு அதை எடுத்தாளக் கூடாது."

"கேட்டு வாங்கிக்கலாமே?"

"நீர்க் குழுவும் தாவரக் குழுவும் பேசிக்கிறதில்லை சார். அந்த நாற்காலி விவாதத்துலேருந்து."

நீர்மானியையாவது பார்க்கலாம் என்று அவர் கேட்டார். அதைக் காட்டுவதற்குப் பெட்டிக்காரர் என்று எல்லோராலும் அழைக்கப்பட்டவர் வந்தார். ஒரு மேசையின்மேல் ஒன்பது பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் வார்த்தெடுக்க எந்திரத்துக்குப் பதினொரு மணி நேரம் ஆனதாகப் பெட்டிக்காரர் பெருமையுடன் கூறினார். முதற்பெட்டியின் மூலைகள் கூர்மையாக இருந்தன. ஒன்பதாவதன் மூலைகள் சோப்பைப் போல வழுவழுத்தன. மூடியில் பட்டறையின் சின்னம் புடைத்து நின்றது. மெக்கானிக் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"உள்ள என்னங்க வரும்?"

"அது உள்குழு சார். நான் வெளிக்குழு."

"உள்குழுவுல யாரு இருக்காங்க?"

"இன்னும் யாரும் விருப்பம் தெரிவிக்கலை. நீங்க வர்றீங்களா?"

அவர் ஒப்புக்கொண்டார். பேத்திக்காக உள்குழுவில் சேர்வதும் ஒரு வழி என்று அவருக்குத் தோன்றியது. ஆனால், உள்குழுவில் சேர்வதற்குப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சி என்பது பற்றவைத்தல். முப்பத்தொரு ஆண்டுகளாக மொட்டை மாடிகளில், கொளுத்தும் வெயிலில், செப்புக் குழாய்களைப் பற்றவைத்து வந்த அந்த மனிதரின் எதிரே அமர்ந்து, பதிவாளரல்லாதவர் பொறுமையுடன் விளக்கினார்.

"இதைப் பேனா பிடிக்கிற மாதிரி பிடிக்கணும். முனை சூடா இருக்கும், பயந்துடாதீங்க. முதல் பக்கத்தைச் சேர்ந்தே படிக்கலாமா?"

அவர் முதற்பக்கத்தைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது மெக்கானிக் பயிற்சிப் பலகையின் பன்னிரண்டு இணைப்புகளையும் முடித்து, கருவியைத் துடைத்து வைத்திருந்தார்.

"அவசரப்பட்டுட்டீங்களே! எங்க தவறினீங்க?"

"தவறலீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"தவறலைன்னா என்ன கத்துக்கிட்டீங்க?"

"தொடக்கநிலை: துணை தேவை" என்னும் மஞ்சள் வில்லை ஒன்றை மெக்கானிக்கின் சட்டையில் குத்தி அனுப்பினார்கள்.

வீட்டில் மனைவி குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். அடுத்த தெருக் குழாயிலிருந்து ஸ்கூட்டரில் இரண்டு கேன் தண்ணீர் கொண்டுவருவது அந்த வீட்டின் வழக்கமாகியிருந்தது. அன்று காலை அந்தத் தெருவார் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

"மூணு வாரமா ஆபீஸ் போற மாதிரி போய்ட்டு வர்றீங்களே, என்ன கொண்டுவந்தீங்க?"

மெக்கானிக் வில்லையைக் காட்டினார்.

"துணை தேவையாமா? கண்டுபிடிச்சுட்டாங்க! இதை எனக்கே முப்பது வருஷம் முன்னாடி குத்தி அனுப்பியிருந்தா உஷாராயிருப்பேனே!"

மகள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தவள், "அப்பா, கிணத்துத் தண்ணியைத்தான் வடிகட்டிக் காய்ச்சிக் குடுத்தேன். மறுபடியும் எடுத்துட்டா. அழக்கூட மாட்டேங்கிறாப்பா. சும்மா பாக்கிறா" என்றாள்.

மறுநாள் மெக்கானிக், கேட்பதற்கு எதுவும் இல்லாதவராய்ப் பட்டறைக்குப் போனார். அன்று பலகை அரிக்கும் நாள். பெட்டியின் மூலை மாறினால் உள்ளே வைக்கும் மின்சுற்றுப் பலகையின் மூலையும் மாற வேண்டும். பெட்டியோ வாரந்தோறும் மாறியது. ஆகவே இரண்டு மாதங்களாகப் பலகைகள் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டு, குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தன. செம்பு பூசிய தகட்டைப் பழுப்பு நிற அமிலக் கரைசலில் அமிழ்த்துவார்கள். வேண்டாத செம்பு கரைந்துவிடும். வேண்டிய கோடுகள் மிஞ்சும். செம்பைக் குடித்த கரைசல், பச்சையாகக் கலங்கும். மெக்கானிக்கின் கண்ணெதிரே ஒருவர் பெரிய தட்டை இரு கைகளாலும் தூக்கி, அந்தக் கரைசலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டார்.

"இது எங்க போகுதுங்க?"

"கீழே."

"கீழேன்னா?"

"அருமையான கேள்வி சார்! கேள்விச் சுவர்ல எழுதி ஒட்டுங்க."

கேள்விச் சுவரில் எண்பத்தாறு சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. மெக்கானிக் தம் சீட்டை ஒட்ட இடம் தேடியபோது, இரண்டாம் வரிசையில் அதே கேள்வி ஏற்கெனவே இருந்ததைக் கண்டார். "தொட்டியில் ஊற்றுவது எங்கே போகிறது?" தேதி இரண்டு மாதங்களுக்கு முந்தையது. கேள்வியின் அழகைப் பாராட்டி நால்வர் அதன்மேல் நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள்.

அவர் திரும்பிக் கழுவுதொட்டியைப் பார்த்தார். அதன் விளிம்பில் ஒரு பச்சை வளையம் இருந்தது. அதே வளையம் அவர் வீட்டுப் பாத்திரங்களில் இருந்தது.

மெக்கானிக்கின் தொழிலில் பாதி, கசிவைத் தேடுவது. பெரிய கட்டடங்களின் குளிர்நீர்க் குழாய்களில் கசிவைக் கண்டறிவதற்கென்று அவர் கருவிப்பையில் எப்போதும் ஒரு பச்சைச் சாயம் இருக்கும். அது நஞ்சற்றது; ஒரு கரண்டி கலந்தால் ஒரு தொட்டி நீரும் மின்னும். மறுநாள் காலை, பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஒரு குவளைச் சாயத்தைப் பட்டறையின் கழுவுதொட்டியில் ஊற்றினார். யாரும் ஏனென்று கேட்கவில்லை. ஒருவர் மட்டும் விரல்களை அசைத்தார். வீட்டுக்கு வந்ததும், பச்சைத் தண்ணீர் வந்தால் அஞ்ச வேண்டாம், ஆனால் குடிக்கவும் வேண்டாம் என்று மற்ற ஐந்து வீடுகளிலும் அவர் சொல்லி வைத்தார். தம் மனைவியிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

மறுநாள் பிற்பகலில் கிணற்றடியிலிருந்து கூச்சல் கேட்டது.

"என்னங்க! ஓடி வாங்க! தண்ணி பச்சைப் பசேல்னு வருது!"

"எவ்வளவு பச்சை?"

"எவ்வளவு பச்சையா? கிளிப்பச்சை! நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"

டயர்க் கிடங்கில் முன்பு வேலை செய்தவர்கள் கைகழுவுவதற்காகப் போட்ட பழைய குழாய் அது. சுவருக்குப் பின்னால் ஒரு குழியில் அது முடிந்தது. குழியிலிருந்து கிணறு எட்டடி தூரம். மக்களின் நீரை அளக்கும் கருவிக்காக அரித்த பலகைகளின் செம்பையும் அமிலத்தையும் மக்கள் இரண்டு மாதங்களாகக் குடித்துவந்தார்கள்.

மெக்கானிக் ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நேரே வட்டத்தின் நடுவே போய் வைத்தார். சாயத்தையும் குழாயையும் குழியையும் பற்றி ஐந்து வாக்கியங்களில் சொன்னார். எல்லோரும் தலைகுனிந்தார்கள். அது வெட்கம் என்று அவர் எண்ணினார். பதிவாளரல்லாதவர் பேனாவைத் திறந்தார்.

"ஒரு தடவைதான் ஊத்தினீங்களா? ஊத்தாத கிணத்தோட ஒப்பிட்டீங்களா?"

"அம்மா, சாயம் என்னோடது. தொட்டி உங்களோடது. கிணறு எங்களோடது. இதுல ஒப்பிட என்ன இருக்கு?"

தலைவரல்லாதவர் எழுந்து வந்து வாளியைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நண்பர்களே, இது வரலாற்று நாள். ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கெட்டுப்போன கிணறு வேணும்னா ஊர் ஊரா அலையணும். யார் யார்கிட்டயோ அனுமதி கேக்கணும். கடைசியில வேற எவனோ கெடுத்த கிணத்தைத்தான் அளக்கணும். நம்மகிட்ட நம்ம சொந்தக் கிணறு இருக்கு! அதுல என்ன கலந்திருக்கு, நமக்குத் தெரியும். எவ்வளவு? தெரியும். என்னிக்குக் கலந்தது? பதிவேட்டுல இருக்கு. வெளியிலேருந்து ஒரு சொட்டுக்கூட வாங்கலை. தொடக்கத்துலேருந்து முடிவு வரைக்கும் முழுக்க முழுக்க நம்ம கையால செஞ்சது!"

விரல்கள் நெடுநேரம் அசைந்தன.

"அப்ப, ஊத்தறதை நிறுத்திடுவீங்க இல்ல?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நிறுத்தறதா?" தலைவரல்லாதவர் உண்மையிலேயே திகைத்தார். "இப்ப நிறுத்தினா தரவுல ஓட்டை விழுமே சார்! கருவி தயாராகிறப்ப அளக்கிறதுக்குக் கிணத்துல ஏதாவது இருக்கணுமே?"

"பாப்பா எடை இறங்கிட்டே போகுதுங்க."

"அதைப் பதிவு பண்ணிட்டிருக்கீங்களா? தினமும்?"

ஆயினும் பட்டறை நேர்மையானது. எதிர்க்கருத்தையும் வாக்குக்கு விட்டது. ஊற்றுவதை நிறுத்த வேண்டும் என்னும் தீர்மானத்துக்கு இருபத்து மூவர் விரல்களை மேல்நோக்கி அசைத்தார்கள். பெட்டிக்காரர் முட்டியை நெஞ்சில் வைத்தார். பத்தாம் பெட்டிக்குப் பலகை தேவைப்படுகிறது என்றார். தீர்மானம் விழுந்தது.

"ஒருத்தர் மறுத்தாலும் மதிக்கிறோம் பாருங்க" என்றார் தலைவரல்லாதவர். "பெரும்பான்மையோட அடக்குமுறை இங்க கிடையாது."

மெக்கானிக் தம் முட்டியை நெஞ்சில் வைத்தார். "அப்ப நானும் மறுக்கிறேன். ஊத்தக் கூடாது."

"சார், தீர்மானத்தைத்தான் மறுக்க முடியும். ஊத்தணும்னு நாங்க எப்பவுமே தீர்மானிச்சதில்லையே! அது தானா நடக்குது."

அவரைத் தேற்றும் வகையில், நீர்மானிக்கு அவருடைய பேத்தியின் பெயரையே சூட்டுவதென்று அங்கேயே முடிவாயிற்று. அந்தத் தீர்மானத்துக்கு மட்டும் ஒரு முட்டியும் உயரவில்லை. மெக்கானிக் வாளியைத் தூக்கிக்கொண்டு அதற்குள் வெளியேறிவிட்டார்.

அன்று மாலை ஆறு வீட்டாரும் கிணற்றடியில் கூடினார்கள். நின்றபடியே கூடினார்கள்.

"குழாயை அடைச்சுடலாமா?" என்றார் மெக்கானிக்.

"இன்னும் அடைக்கலையா?" என்றார் தையல்காரர்.

கூட்டம் முடிந்தது. தையல்காரர் குழியைத் தோண்டினார். மெக்கானிக் குழாயின் வாயில் கல்லைத் திணித்து, விரைவில் இறுகும் சிமெண்டை அறைந்து பூசினார். நாற்பது நிமிட வேலை. கையைக் கழுவத் தண்ணீர் கேட்டபோதுதான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள், வெளியார் வந்து பார்ப்பதற்கான பட்டறையின் திறந்த நாள். வேறு ஊர்களின் பட்டறைகளிலிருந்தெல்லாம் தலைவரல்லாதவர்கள் வந்திருந்தார்கள். முந்தைய நாள் அரித்த பலகைகளின் கரைசல் முழுவதும் போக வழியின்றித் தொட்டியில் நின்றது. அதை ஏனென்று பார்ப்பது எந்தக் குழுவின் பொறுப்பு என்று முடிவாகாததால், அன்று காலையும் அதன்மேலேயே ஊற்றினார்கள், குழாயையும் திறந்துவிட்டார்கள்.

"நாங்க எதையும் மறைக்கிறதில்லை" என்று மேடையில் பேசிக்கொண்டிருந்தார் தலைவரல்லாதவர். "எங்ககிட்ட இருக்கிற எல்லாமே வெளியில வரும். இன்னிக்கு இல்லைன்னா நாளைக்கு, எல்லாருடைய காலடிக்கும் வந்து சேரும்."

கலங்கிய பச்சை வெள்ளம் முதல் வரிசையை அடைந்தது. விருந்தினர் அதைக் காட்சிப்பொருள் என்று கருதினர். பத்து நிமிடங்கள் வரை படம்பிடித்தார்கள். ஒரு காலணியின் செம்பு வார்ப்பூட்டு நுரைத்துப் பச்சையானபோதுதான் ஒருவர் விதிகளை மறந்து கத்தினார்.

அடுத்த வாரம் மெக்கானிக்கைக் குணமளிக்கும் வட்டத்துக்கு அழைத்தார்கள். தம் பக்கம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று கருதி அவர் போனார்.

"அந்தக் குழாயை அடைச்சப்ப, எங்க மனசு என்ன பாடுபடும்னு நினைச்சுப் பாத்தீங்களா?" என்று நடுங்கும் குரலில் கேட்டார் பதிவாளரல்லாதவர்.

"இல்லீங்கம்மா."

"வருத்தம்னு ஏதாவது இருக்கா உங்ககிட்ட?"

"இருக்குங்க. மூணு வாரம் உங்ககிட்ட நடந்தேன் பாருங்க, அதுதான்."

பட்டறையில் வெளியேற்றம் என்னும் தண்டனை கிடையாது. ஆகவே அவரை விடுவித்தார்கள். மஞ்சள் வில்லையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஒப்பமும் வாங்கினார்கள்.

ஆறு வீட்டாரும் கிணற்றை இறைத்தார்கள். மோட்டாரை வாடகைக்கு எடுத்து, பகல் முழுவதும், ஒன்பது நாள் இறைத்தார்கள். குழியின் மண்ணைக் கறுத்த நிறம் மறையும் ஆழம் வரை வெட்டி, நகராட்சியின் வண்டியில் ஏற்றினார்கள். அதற்குள் பட்டறையில் தொட்டியைத் திறப்பதற்கென்று அமைக்கப்பட்ட குழு, தொட்டி என்பதை எப்படி வரையறுப்பது என்னும் கட்டத்தில் இருந்தது. ஆகவே ஊற்ற இடமின்றி அரிப்பு நின்றிருந்தது. மெக்கானிக் தண்ணீரைப் புட்டியில் அடைத்து, தம் வாடிக்கையாளரான ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில், அங்குள்ள ஏ.சி.யைப் பழுதுபார்த்த கையோடு கொடுத்தார். தேநீர் குடித்து முடிப்பதற்குள் விடை வந்தது. ஒன்றுமில்லை, குடிக்கலாம்.

குழாயை அடைத்த ஆறாம் வாரம் மருத்துவர் பேத்தியை எடைத்தட்டில் வைத்து, முள் நிற்கும்வரை காத்திருந்து, கண்ணாடியைக் கழற்றாமலே சிரித்தார்.

அந்த வாரந்தான் நீர்மானி முடிவடைந்தது. பழைய பலகைகளுள் ஒன்று பத்தாம் பெட்டிக்குப் பொருந்திவிட்டதாம். இருபது பேர் கேமராக்களுடன் கிணற்றடிக்கு ஊர்வலமாக வந்தார்கள். பெட்டியின்மேல், "பாப்பா 1.0" என்று எழுதியிருந்தது. குழந்தையின் பெயரை அதுவரை அவர்களுள் எவரும் கேட்டிருக்கவில்லை.

பெட்டிக்காரர் கருவியின் கம்பியைத் தண்ணீரில் அமிழ்த்தினார். முள் அசையவில்லை. குலுக்கினார். அசையவில்லை. இருபது முகங்களும் இருண்டன.

"அப்ப தண்ணி நல்லா இருக்குன்னு அர்த்தமா?" என்றார் மெக்கானிக்கின் மனைவி.

"இல்லம்மா" என்றார் தலைவரல்லாதவர், துயரத்தை அடக்கிக்கொண்டு. "கருவிக்கு இங்க வேலை இல்லைன்னு அர்த்தம். ஒரு அருமையான களத்தை அழிச்சுட்டீங்க."

"குழந்தை அதுலதாங்க பால் குடிக்குது."

"இருக்கலாம்மா. அறிவியல்னு ஒண்ணு இருக்கில்ல?"

மாத இறுதியில் பட்டறை இடம் மாறியது. லாரியில் பத்துப் பெட்டிகளையும், பலகைகளையும், அமிலக் கேன்களையும், பித்தளைப் பெயர்ப்பலகையையும் ஏற்றினார்கள். தெருவார் வாசல்களில் நின்று பார்த்தார்கள், யாரும் கையசைக்கவில்லை. தலைவரல்லாதவர், மனக்கசப்பை மறக்கத் தெரிந்த பெருந்தன்மையுடன், மெக்கானிக்கின் அருகே வந்தார்.

"உங்க மேல கோவமே இல்லை சார். உங்களாலதான் இதைவிட நல்ல இடம் கிடைச்சுது. மேட்டுத் தெருவுல, குழந்தைகள் காப்பகத்துக்குப் பின்பக்கம். முன்னாடி சாயப்பட்டறையா இருந்த கட்டடம். நாலு கழுவுதொட்டி!"

"காப்பகத்துக்குத் தண்ணி எங்கேருந்துங்க?"

"கிணறுதான். நேத்துக் கருவியைப் போட்டுப் பாத்தோம். முள்ளு அசையவே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கு!" அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா இந்தத் தடவை பொறுமையா, முறையா, முதல் நாள்லேருந்தே அளப்போம்."

லாரி உறுமிக்கொண்டு நகர்ந்தது. மெக்கானிக் உள்ளே ஓடி, பின்கட்டிலிருந்த சிமெண்டுப் பையைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்தார்.

"சாப்பிடற நேரத்துல எங்கப்பா?" என்றாள் மகள். அவள் மடியில் குழந்தை புட்டியை முடித்துவிட்டு, வெறும் காம்பைச் சப்பிக்கொண்டிருந்தது.

"வந்துடறேன் கண்ணு."

பெரிய லாரி பெரிய சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும். அவர் சந்துகளில் புகுந்து, மேட்டில் ஏறி, அதற்குப் பத்து நிமிடம் முன்னதாகவே காப்பகத்தின் வாசலில் இறங்கினார். உள்ளே நாற்பது குழந்தைகளின் சத்தம். பணிப்பெண் ஒருவர் கதவைப் பாதி திறந்து, அவரையும் சிமெண்டுப் பையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருங்க? நாங்க ஆளுக்குச் சொல்லலையே?"

"தெரியும்மா" என்றார் மெக்கானிக். "மண்வெட்டி இருக்கா?"